வேடிக்கை பார்ப்பவன் கடன்

ஓதும் காலத்தில் நாம் கேட்டுச் சிரித்த பாடம் ஒன்று, ஐம்பதைக் கடந்த இந்த வயதில் நம்மை உறங்கவிடாமல் செய்திருக்கிறது. அதனை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஷாஃபியீ மத்ஹபின் ஃபிக்ஹு நூல்களில், பயணியின் தொழுகையைக் கூறும் பாடத்தில் ஒரு நுட்பமான வேறுபாடு வருகிறது. நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கித் தொழும் சலுகை பயணிக்கு உண்டு. அந்தச் சலுகைக்குப் பயணத்தூரம் இரண்டு மர்ஹலா, அதாவது ஏறக்குறைய 80 கிலோமீட்டருக்கு மேல் இருக்கவேண்டும். செல்லுமிடம் இன்னதென்று தெரிந்திருக்கவும் வேண்டும். இலக்கின்றி அலைபவனுக்கு, அவன் உலகையே சுற்றிவந்தாலும், இச்சலுகை இல்லை. இம்மட்டும் எளிதில் விளங்கும். அடுத்து வருவதுதான் நுட்பம். ஓர் ஊருக்குக் குறுகிய வழி ஒன்றும் நெடுவழி ஒன்றும் இருந்து, ஒருவன் நெடுவழியைத் தேர்ந்தால், அதற்குத் தகுந்த காரணம் வேண்டும். பாதுகாப்பு, நோயாளியைக் காணல், ஸியாரத் ஆகியவை தகுந்த காரணங்கள். மனத்தை ஆற்றிக்கொள்ளும் உல்லாசமும் தகுந்த காரணமே. இதற்குத் 'தனஸ்ஸுஹ்' என்று பெயர். ஆனால் வெறுமே ஊர்களைப் பார்ப்பது, 'ருஃயத்துல் பிலாத்', தகுந்த காரணம் ஆகாது.

மாணவர்களாகிய நமக்கு அன்று இது வேடிக்கையாக இருந்தது. சோலைக்குப் போய் மனம் மகிழ்ந்தால் சரி, ஊர்களைப் பார்த்து மகிழ்ந்தால் சரியில்லையா? மயிரைப் பிளக்கும் வாதம் என்று நகைத்தோம். ஆசிரியர் சினக்கவில்லை. "நீங்கள் இன்னும் ஊரைவிட்டு வெளியே போகவில்லை. போய்விட்டு வந்து சிரியுங்கள்" என்றார். போய்விட்டு வந்தோம். சிரிக்க முடியவில்லை.

வண்டிக்குள் ஒரு வீடு

குளச்சலிலிருந்து கிளம்பும் குடும்பப் பயணங்களை நம் வாசகர்கள் நன்கு அறிவர். பள்ளி விடுமுறை வந்ததும் இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஒரு வேனைப் பேசுகிறார்கள். அடுப்பும் அண்டாவும் பாயும் தலையணையும் ஏறுகின்றன. கன்னியாகுமரியில் விடியலைப் பார்த்து, கடலோரமாகவே உவரி, திருச்செந்தூர் வழியாகக் காயல்பட்டினம். பின் தூத்துக்குடி, வேம்பார், சாயல்குடி கடந்து ஏர்வாடி, கீழக்கரை. தொண்டி, அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை என்று நாகூர் வரைக்கும் ஒரு நீண்ட கோடு. வழியில் உடன்குடிக் கருப்பட்டி, கீழக்கரைத் தொதல். எங்கெல்லாம் நிழலும் தண்ணீரும் கிடைக்கின்றனவோ அங்கெல்லாம் ஒரு நிறுத்தம். எங்கெல்லாம் கூட்டமும் ஓசையும் இருக்கின்றனவோ அங்கெல்லாம் ஒரு வேடிக்கை.

மேல்நாடுகளில் இவ்வழக்கம் இன்னும் முதிர்ந்து, படுக்கை, சமையலறை, குளியலறை யாவும் அமைந்த வண்டியே வீடாகிவிட்டது. அவ்வண்டி நம் பக்கத்துக்கும் வந்துவிட்டது. அண்டை மாநிலமான கேரளம் 2021-இல் இத்தகைய வண்டிகளுக்கென்றே ஒரு சுற்றுலாக் கொள்கையை அறிவித்து, அதற்குக் 'கேரவன்' என்ற சொல்லையே பெயராக்கியது. ஆங்கிலத்தின் வழியே நம்மிடம் வந்த இச்சொல் பார்சி மொழியின் 'கார்வான்' என்பதன் திரிபு. வணிகக் கூட்டம் பாலையைக் கடக்கும் அணிக்கு அதுவே பெயர். அரபியில் 'காஃபிலா' என்போம். கார்வான் இரவில் தங்கும் இடம் 'சராய்'. கார்வானுக்குச் சராய் இன்றியமையாதது. இன்றைய கேரவனுக்கோ சராய் வேண்டியதில்லை. அது தன் சராயைத் தானே இழுத்துக்கொண்டு போகிறது.

இந்த வேறுபாட்டைச் சற்று ஊன்றிப் பார்க்கவேண்டும். பயணத்தைத் துன்பத்தின் ஒரு கூறாகவே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குறித்தார்கள். உணவும் நீரும் உறக்கமும் அதில் தடைப்படும் என்றார்கள். பழைய பயணி இம்மூன்றுக்கும் வழியிலுள்ள ஊராரையே நம்பியிருந்தான். தண்ணீருக்கு ஒரு வாசற்படியில் நிற்கவேண்டும். படுக்க ஒரு திண்ணையைக் கேட்கவேண்டும். கேட்டதனால் பேச்சு வந்தது. பேச்சினால் பெயர் தெரிந்தது. பெயர் தெரிந்தபின் அந்த ஊர் வெறும் காட்சியாக இருக்க முடியாது. இன்று நமக்கு அவ்வூராரிடம் பெறவேண்டியது ஒன்றுமில்லை. தேவை நீங்கியபின் எஞ்சுவது பார்வை மட்டுமே. ஊர் முழுவதும் நமக்கு ஒரு திரைப்படமாகி, வண்டியின் கண்ணாடி அதன் திரையாகிவிடுகிறது.

பதினான்காம் நூற்றாண்டில் மலபார்க் கரை வழியே வந்த இப்னு பதூதா, அந்நெடுவழியைப் பற்றி எழுதியது இங்கு நினைவுகூரத்தக்கது. அரை மைலுக்கு ஒரு மரக்கொட்டகை, அமர்வதற்குத் திண்ணை, அருகில் ஒரு கிணறு, வருவோர்க்கு நீர் வழங்க ஓர் ஆள். முஸ்லிமல்லாத பயணிக்குப் பாத்திரத்தில் தருவார்கள். முஸ்லிமுக்குக் கையில் வார்ப்பார்கள். வேற்றுமை இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் நீர் இருவருக்கும் கிடைத்தது. நம் வேணாட்டுப் பகுதியின் வழியம்பலங்களும், பாதையோரச் சுமைதாங்கிக் கற்களும் அப்பழைய அறத்தின் மிச்சங்களே. தலைச்சுமையோடு வருபவர் எவருடைய உதவியுமின்றித் தாமே இறக்கி, தாமே ஏற்றிக்கொள்ளும் உயரத்தில் அக்கல்லை நிறுத்தியவர், யாரோ முகமறியாத ஒருவரின் கழுத்துவலியை எண்ணியவர் அல்லரோ?

மகிழ்ச்சி குற்றமன்று

இவ்வளவும் கூறியதனால், வேடிக்கையும் விளையாட்டும் தவறென்று நாம் சொல்லவருவதாக எவரும் கருதவேண்டாம். பெருநாள் ஒன்றில் அபிசீனிய மக்கள் மஸ்ஜிதுந் நபவியில் ஈட்டி விளையாட்டு ஆடினர். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதனைக் காண விரும்பியபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோளின் மறைவில் அவர்களை நிறுத்திக் காணச்செய்தார்கள். அன்னையாருக்குப் பார்த்துச் சலிக்கும்வரை தாமும் நின்றார்கள். இச்செய்தி ஸஹீஹான நூல்களில் பதிவாகியுள்ளது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில் பயணத்தின் ஒழுக்கங்களுக்கென ஒரு தனிப் பகுதியை வகுத்து, அதற்கு அடுத்த பகுதியையே இசை கேட்டலுக்கு ஒதுக்கினார்கள். இவ்விரண்டும் அடுத்தடுத்து அமைந்ததில் நமக்கு எப்போதும் ஒரு வியப்பு உண்டு.

நம் சிறுவயது நினைவு ஒன்று. ரஜப் பதினான்காம் இரவில் தக்கலைக்குப் போவோம். தென்காசியில் பிறந்து, நெசவுத் தொழில் செய்து, தக்கலையில் அடங்கிய மெய்ஞ்ஞானி பீர்முகம்மது அப்பா அவர்களின் 'ஞானப்புகழ்ச்சி'யை அவ்விரவு முழுவதும் பாடுவார்கள். பாயும் போர்வையுமாகப் பெண்டிரும் பிள்ளைகளும் அமர்ந்திருப்பர். பொருள் நமக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் நூற்றுக்கணக்கான குரல்கள் ஒன்றாக எழும்போது, உம்மாவின் மடியில் பாதி உறக்கத்தில் கிடந்த நமக்கு, கடலே பாடுவது போலிருக்கும். வெளியே சுக்குக் காப்பியும் மிட்டாயும் பலூனும் உண்டு. அங்கே பார்ப்பவர், பாடுபவர் என்ற பிரிவினை இல்லை. அதுபோலவே, நாஞ்சில் நாட்டுக் கொடைவிழாவில் வில்லுப்பாட்டும், கடற்கரைச் சிற்றூர்களில் களியலாட்டமும், பொட்டல்புதூர்க் கந்தூரியில் சமய வேறுபாடின்றிக் கூடும் கூட்டமும், அவ்வூரார் தமக்காகத் தாமே கொண்டாடுபவை. வழிப்போக்கன் அதில் ஓரமாக இடம்பெறுகிறான். அவன் வராவிடினும் அக்கொண்டாட்டம் நடக்கும். இத்தகைய காட்சியால் மனம் ஆறுதலடைகிறது என்றால், அது தனஸ்ஸுஹ் என்னும் சொல்லுக்கு முற்றும் தகும். அழுக்கிலிருந்து விலகுதல் என்பதே அச்சொல்லின் வேர். இறைவனைக் குறைகளினின்றும் தூயவனாகக் கருதுவதற்குத் 'தன்ஸீஹ்' என்று அகீதா நூல்கள் கூறுவதும் இதே வேரிலிருந்துதான்.

ஆனால் வழியில் நாம் காணும் வேடிக்கைகள் யாவும் இத்தகையவை அல்ல.

ஒரு மாலைப்பொழுது

சென்ற கோடை விடுமுறையில் நாமும் அத்தகைய வேன் ஒன்றில் நாகூர் சென்று திரும்பிக்கொண்டிருந்தோம். மாலை மங்கும் வேளை. இராமநாதபுரத்தைக் கடந்து, ஒரு சிற்றூரின் கடைவீதியில் தேநீருக்காக வண்டி நின்றது. அவ்வூரின் பெயர் இங்கு வேண்டியதில்லை. அது எந்த ஊராகவும் இருக்கலாம்.

கடைகளுக்கு எதிரேயுள்ள திடலில் கழைக்கூத்தாடும் குடும்பம் ஒன்று. மூங்கில்களை நட்டு, இடையே கயிறு கட்டியிருந்தார்கள். தகப்பன் மேளம் அடித்துக்கொண்டிருந்தான். ஒன்பது அல்லது பத்து வயதுச் சிறுமி, நீண்ட கழியைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு கயிற்றின்மேல் நடந்தாள். தலையில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சொம்புகள். கீழே வலை இல்லை, மணல்கூட இல்லை, சரளைக்கல். நம் வீட்டுப் பிள்ளைகள் வாய்பிளந்து நின்றார்கள். பெரியவர்களும் தேநீர்க் கோப்பையை மறந்தோம். நம்முடன் வந்த இளைஞர்கள் கைப்பேசியில் படம் பிடித்தார்கள். சிறுமி கயிற்றின் நடுவில் நின்று ஒற்றைக்காலைத் தூக்கியபோது, நாமும் கைதட்டினோம் என்பதை மறைக்கமாட்டோம்.

சிறுமி இறங்கினாள். தாய், இடுப்பில் ஒரு குழந்தையுடன், அலுமினியத் தட்டை எடுத்துக்கொண்டு மறுகோடியிலிருந்து வரத்தொடங்கினாள். அவ்வேளை ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்தினார். நம்முள் ஒருவர், "மக்ரிபுக்கு அடுத்த ஊர் போயாகணும்" என்றார். அந்த ஒருவர் வேறு யாருமல்லர், நாமே. எல்லோரும் விரைந்து ஏறினோம். தட்டு நம்மை அடையுமுன் வண்டி நகர்ந்துவிட்டது.

சற்றுத்தூரம் சென்றதும், பின்கண்ணாடியில் முகம் பதித்திருந்த நம் பேத்தி, "அந்தப் பிள்ள எதுக்கு நம்ம வண்டியவே பாத்துக்கிட்டு நிக்குது?" என்று கேட்டாள். ஏழு வயதுப் பிள்ளையின் கேள்வி. வண்டியில் பதினான்கு பேர் இருந்தோம். ஒருவரும் விடை சொல்லவில்லை.

இதில் நம்மைச் சுடுவது யாதெனில், நாம் சொன்ன காரணம் பொய்யாக இருந்தது. பயணிக்கு மக்ரிபைப் பிற்படுத்தி இஷாவோடு சேர்த்துத் தொழும் சலுகை உண்டு. அதனை முப்பதாண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துபவர்கள் நாம். அன்று நண்பகலில் லுஹரையும் அஸரையும் அவ்வாறே சேர்த்துத் தொழுதும் இருந்தோம். பத்து நிமிடம் தாமதித்தால் எந்தத் தொழுகையும் தவறியிராது. தொழுகையைத் தட்டிலிருந்து தப்பும் கதவாக்கினோம். உமர் (ரலி) அவர்களிடம் ஒருவரை நல்லவரென்று மற்றொருவர் சான்று பகர்ந்தபோது, அவருடன் நீர் பயணம் செய்ததுண்டா என்று அவர்கள் வினவிய செய்தி பெரிதும் வழங்குவது. 'ஸஃபர்' என்னும் சொல்லுக்கே, மறைந்திருப்பதை வெளிப்படுத்துவது என்று பொருள் உரைப்பர். அம்மாலையில் நம் குணம் நமக்கே வெளிப்பட்டது.

மூன்று சமாதானங்கள்

இரவு முழுவதும் மனம் சமாதானங்களைத் தேடியது. அவை எவருக்கும் தோன்றக்கூடியவை. ஆதலின் ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலாவது: நாம் அவர்களை ஆடச்சொல்லவில்லை. பேரம் இல்லை, ஒப்பந்தம் இல்லை. ஆகவே கடனும் இல்லை. சட்டத்தின் கண்ணுக்கு இது சரியாகவே தோன்றலாம். ஆனால் வழியில் அமர்வோரை நோக்கி, வழிக்கு அதன் உரிமையைக் கொடுத்துவிடுங்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தபோது, அவ்வுரிமை எதுவென்று தோழர்கள் வினவினர். பார்வையைத் தாழ்த்துதல், பிறருக்குத் தொல்லை தராதிருத்தல், ஸலாமுக்குப் பதிலுரைத்தல், நன்மையை ஏவித் தீமையைத் தடுத்தல் என விடை வந்தது. இங்கே பேரமும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. ஆயினும் உரிமை உண்டு! வழியில் இருப்பதனாலேயே கடன் பிறக்கிறது. அவ்வுரிமைகளில் முதலாவதே கண்ணைப் பற்றியது என்பதும் கருதத்தக்கது. நாம் கண்ணால் எடுத்துக்கொண்டோம். எடுத்ததை ஏற்றுக்கொண்டதற்குக் கைதட்டல் சாட்சி. பசித்தவன் பரிமாறிய உணவை உண்டுவிட்டு, நான் கேட்கவில்லையே என்று எழுந்துபோவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இரண்டாவது சமாதானம் சற்று வலுவானது: காசு கொடுத்தால், பள்ளிக்கூடத்தில் இருக்கவேண்டிய குழந்தையைக் கயிற்றின்மேல் ஏற்றுவதை நாமே வளர்க்கிறோம். இதில் உண்மை இருக்கிறது. சர்க்கஸ்களில் சிறுவரைப் பயன்படுத்தலாகாதென்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தது. 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கல்வி உரிமை என்று 2009-இல் சட்டமும் வந்துவிட்டது. ஆனால் இக்காரணம் நமக்கு எப்போது தோன்றியது? தட்டைக் கண்டபோது தோன்றிற்றேயன்றி, சிறுமி கயிற்றில் ஏறியபோது தோன்றவில்லை. தவறென்று கருதியவன் முதலிலேயே முகம் திருப்பியிருக்கவேண்டும். அல்லது அத்தகப்பனை அணுகிப் பேசியிருக்கவேண்டும். பத்து நிமிடம் இரசித்தபின் கொள்கை பேசுவது கொள்கையாகாது. கஞ்சத்தனம் கொள்கையின் ஆடையை உடுத்திக்கொள்வதே ஆகும். தவிரவும், நாம் கொடுக்காததனால் அச்சிறுமி கீழே இறங்கிவிடவில்லை. அன்றைய வரவு குறைந்தால் மறுநாள் இன்னும் ஒரு முறை ஏறவேண்டியவள் அவளே.

மூன்றாவது: அவர்கள் நாடோடிகள், அதுவே அவர்கள் வாழ்க்கை, அவர்களுக்கு அது பழக்கம் என்பது. இச்சொல்லை நம் வண்டியிலேயே ஒருவர் சொன்னார். இதுதான் மூன்றிலும் கொடியது. ஒரு மனிதனின் துன்பத்தை அவனுடைய இயல்பென்று கருதத்தொடங்கிவிட்டால், பிறகு எதைப் பார்த்தாலும் நெஞ்சு அசையாது. நம் குமரி மாவட்டத்தில் ஊர் ஊராகச் சென்று தோல்பாவைக்கூத்து நடத்திவந்த, மராத்தி மொழி பேசும் கலைஞர் குடும்பங்களை நம் தலைமுறையினர் அறிவர். கோயில் திடலிலோ வெற்றுமனையிலோ கூடாரம் அடித்து, விளக்கொளியில் தோற்பாவைகளை அசைத்து, ஒருவரே பல குரலில் பேசுவர். அவர்கள் எங்கே உறங்கினார்கள், மழைக்காலத்தில் என்ன உண்டார்கள் என்று ஒருநாளும் நாம் கேட்டதில்லை. பாவையைத்தான் பார்த்தோம், திரைக்குப் பின்னாலிருந்தவனைப் பார்க்கவில்லை.

திருமறை, ஈகைக்கு உரியோரைப் பட்டியலிடும் இடங்களில் 'இப்னுஸ் ஸபீல்' என்று வழியின் மகனைக் குறிக்கிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் பயணம் போகும் நம்மைத்தான் குறிக்கிறதென்று மனம் எண்ணிக்கொள்கிறது. வண்டி நிறைய உணவும் பை நிறையப் பணமும் வைத்திருப்பவன் வழியின் மகனா? வழியிலேயே பிறந்து, வழியிலேயே உண்டு, வழியிலேயே உறங்கும் அக்கழைக்கூத்தாடியின் மகளே அப்பெயருக்கு நம்மைவிட உரியவள். ஸகாத்தின் சட்டம் தனி. அதன் எல்லைகளை அறிவோம். ஸதகாவின் வாசலோ அகன்றது.

பார்த்துக் கடந்தவர்கள்

இது ஒரு தட்டும் சில ரூபாயும் பற்றிய சிறு செய்தியாகத் தோன்றலாம். பார்த்துக் கடந்துபோகும் பழக்கம் எங்குக் கொண்டுபோய் விடும் என்பதற்கு நம்மிடமே பெரியதொரு சாட்சி உண்டு.

இளமையில், 1990-களில், ஏர்வாடிக்கு ஸியாரத் சென்றோம். மனநோயாளிகளை அவ்வூரில் தங்கவைத்துக் குணம் வேண்டுவது நெடுநாள் வழக்கம். சங்கிலியால் பிணிக்கப்பட்ட மனிதர்களைக் கண்டோம். ஒருவர் நம்மை நோக்கி ஏதோ சொன்னார், விளங்கவில்லை. பிள்ளைகள் அஞ்சினர், அவர்களை அப்பால் அழைத்துச் சென்றோம். "பாவம்" என்றோம். பிறகு கீழக்கரையில் தொதல் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினோம்.

2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் அதிகாலையில், ஏர்வாடியில் அத்தகைய தனியார் காப்பகம் ஒன்றின் கூரை தீப்பற்றியது. சங்கிலியில் பிணிக்கப்பட்டிருந்தவர்களால் ஓட இயலவில்லை. 28 உயிர்கள் மாண்டன. நாடு திடுக்கிட்டது, அதன்பின் அரசு அத்தகைய காப்பகங்களை மூடிற்று. செய்தியைப் படித்தபோது, நம்மை நோக்கி ஏதோ சொன்ன அந்த முகம் நினைவில் எழுந்தது. அவர் அந்த 28 பேரில் ஒருவரா என்பது நாம் அறியக்கூடியதன்று. அறிந்தது ஒன்றே: ஆண்டுதோறும் எத்தனையோ ஆயிரம்பேர் அச்சங்கிலியைக் கண்டிருக்கிறோம். கண்ட அத்தனை பேரும் பரிதாபப்பட்டிருப்போம். பரிதாபம் ஒரு சங்கிலியின் ஒரு கண்ணியைக்கூடக் கழற்றவில்லை.

இப்னு பதூதாவின் வரலாற்றிலும் இத்தகைய இடம் ஒன்றுண்டு. மதுரையை ஆண்ட சுல்தான் கியாதுத்தீன் அவருக்கு மனைவி வழியில் உறவினர். அம்மன்னன் போரில் பிடிபட்டோரையும், அவர்தம் பெண்டிர் பிள்ளைகளையும் கொடுமையாகக் கொன்றான். விருந்தில் அமர்ந்திருந்தபோது தம் கண்முன் அது நிகழ, இப்னு பதூதா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மற்றொரு முறை அஸர் தொழப்போவதாகக் கூறி எழுந்துவிட்டார். மன்னன் காரணத்தை உணர்ந்து சிரித்தான். பிற்காலத்தில் அச்செயலை வெறுத்துத் தம் நூலில் ஒளிக்காமல் பதிவுசெய்தார். அக்கொடுமையினாலேயே அம்மன்னனின் முடிவு விரைந்தது என்றும் கருதினார். முகம் திருப்பியது போதுமா என்று கேட்கலாம். போதாது என்பதே நம் எண்ணம். ஆயினும் அவர் தொழுகையைச் சொல்லிக் கொடுமையினின்று எழுந்தார். பின்பு எழுதி அதற்குச் சாட்சியும் ஆனார். நாமோ தொழுகையைச் சொல்லிக் கடனினின்று எழுந்தோம்!

நாம் காட்சியான நாள்

பார்க்கப்படுபவனின் நெஞ்சம் எப்படியிருக்கும் என்பதை நம் ஊர் அறியாததன்று. 1741-இல் மார்த்தாண்டவர்மரின் படை டச்சுக்காரரை வென்ற கடற்கரை என்பதனால், வெற்றித்தூணைக் காண வருவோர் என்றும் உண்டு. அதில் நமக்குப் பெருமையேயன்றி வருத்தமில்லை. ஆனால் 2004 டிசம்பர் 26-ஆம் நாள் கடல் ஊருக்குள் புகுந்து நூற்றுக்கணக்கானோரைக் கொண்டுசென்றபின், நம் கரைக்கு வந்த வண்டிகள் இருவகையின. ஒரு வகையினர் வந்திறங்கியதும் வேட்டியை மடித்துக் கட்டினர், உடல்களைத் தேடினர், குழி தோண்டினர், அண்டா வைத்துச் சமைத்தனர். அவர்களில் எல்லாச் சமயத்தவரும் இருந்தனர். மற்றொரு வகையினர் இடிந்த சுவர்களின்முன் நின்று பார்த்தனர், படம் எடுத்தனர், எவ்வளவு உயரத்துக்கு வந்தது என்று கேட்டனர், திரும்பிப் போயினர்.

அவர்கள் தீயவர்கள் அல்லர். அவர்களில் பலர் கண்ணீரும் சிந்தினர். ஆயினும் அந்நாளில், மகனைப் பறிகொடுத்துத் திண்ணையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் நம்மிடம், "எல்லாவனும் வந்து பாக்கான் மக்ளே. ஒருத்தன் எங்கிட்ட இருக்கல்ல" என்றார். பக்கத்தில் அமரவில்லை என்பது அவர் குறை. பணம் வேண்டுமென்று அவர் கேட்கவில்லை. அன்று நாம் அவர் அருகே அமர்ந்தோம். மற்றவர்களைக் கடிந்தும் பேசினோம். இருபதாண்டு கழித்து, அச்சிற்றூரின் திடலில், அமராமல் போனவர்கள் நாம்.

ஆசிரியர் சொன்ன வேறுபாடு இப்போது விளங்குகிறது. உல்லாசம், ஊர் பார்த்தல் என்னும் இரண்டிலும் கண் ஒன்றே, வழி ஒன்றே, வண்டியும் ஒன்றே. தனஸ்ஸுஹுக்குப் போகிறவன் தன்னிடமுள்ள ஏதோ ஒன்றைக் கழுவிக்கொள்ளப் போகிறான். அவனுக்கு அந்த இடம் தேவை. தேவையுள்ளவன் நன்றியும் உள்ளவனாகிறான். வெறுமே ஊர் பார்க்கப் போகிறவனுக்கு எந்த ஊரும் தேவையில்லை. ஒன்று போனால் மற்றொன்று. பூமியில் சென்று பாருங்கள் என்று திருமறை பன்முறை ஏவும் இடங்களிலும், பார்த்தபின் சிந்திக்குமாறும் படிப்பினை பெறுமாறுமே ஏவுகிறது. ஃபிக்ஹு நூலார் தொழுகைச் சலுகையின் எல்லையைத்தான் வகுத்தார்கள், மனிதரை எடைபோடவில்லை. ஆயினும் அந்த எல்லைக்கோட்டில் நமக்கு இவ்வளவும் தென்படுகிறது.

செய்யத்தக்கவை

விடுமுறைக்கு வண்டி பேசும் குடும்பத்தாருக்குச் சிலவற்றைக் கூறி முடிப்போம். வழிச்செலவைக் கணக்கிடும்போது, எரிபொருளுக்கும் உணவுக்கும் ஒதுக்குவதுபோல வழியின் உரிமைக்கும் ஒரு தொகையை ஒதுக்குங்கள். சில்லறையாக மாற்றி, பிள்ளைகளின் கையிலேயே கொடுத்துவையுங்கள். ஓர் ஆட்டத்தின்முன் நின்றால், தட்டு வரும்வரை நில்லுங்கள். நிற்க நேரமில்லையேல் பார்க்கவும் நேரமில்லை என்று கொள்ளுங்கள். பச்சைப் பிள்ளை உயிரைப் பணயம் வைக்கும் காட்சியாயின், கைதட்டாதீர்கள், படம் எடுக்காதீர்கள், பெற்றோரிடம் கனிவாகப் பேசுங்கள், பள்ளியில் சேர்க்க வழியுண்டா என்று அவ்வூர்ப் பெரியவர் ஒருவரையேனும் கேளுங்கள். இது நம் வேலையா என்று தோன்றும். ஸலாமுக்குப் பதில் சொல்வதோடு நன்மையை ஏவுவதும் வழியின் உரிமைகளில் ஒன்றாகவே எண்ணப்பட்டிருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒருவரிடமேனும் பெயர் கேளுங்கள். பெயர் தெரிந்தவரை வேடிக்கை பார்ப்பது கடினம்.

நம் கடன் என்னவாயிற்று என்று வாசகர் வினவலாம். இரண்டு மாதம் கழித்து, ஓர் உறவினரின் நிக்காஹ்வுக்காக அவ்வழியே சென்றபோது, அச்சிற்றூரில் இறங்கித் தேடினோம். திடல் வெறுமையாக இருந்தது. மூங்கில் நட்ட குழிகள்கூடத் தூர்ந்துவிட்டன. தேநீர்க் கடைக்காரர், "அவுங்க எங்க போனாங்கன்னு யாருக்குத் தெரியும் பாய்?" என்றார். உரியவரைக் காணமுடியாத பொருளை அவர் சார்பில் தருமம் செய்துவிடலாம் என்று அறிஞர்கள் வழி கூறியுள்ளனர். அதன்படி, அவ்வூர் அரசுப் பள்ளியில் வெளியூர்க் கூலிக் குடும்பத்துச் சிறுமி ஒருத்திக்குப் புத்தகப்பையும் செருப்பும் வாங்கிக் கொடுத்தோம். பெயர் கேட்டோம், சொன்னாள்.

ஆனால் உரியவர் பின்னொரு நாள் எதிர்ப்பட்டால் கடன் தீர்ந்ததாகாது. அவரிடமும் கொடுத்தாகவேண்டும் என்றுதான் நாம் மாணவர்களுக்கு ஓதிக்கொடுக்கிறோம். ஆகவே, வழியில் எங்கு மேளச் சத்தம் கேட்டாலும் இப்போது வண்டியை நிறுத்தச் சொல்கிறோம். பேத்தி முதலில் இறங்கி ஓடிப் பார்த்துவிட்டு, "அந்தப் பிள்ள இல்ல" என்று வந்து சொல்கிறாள். வல்ல நாயன், கொடுக்கவேண்டியதைக் கொடுத்துத் தீர்க்க நமக்கு ஆயுளும், வாங்கிக்கொள்ள அப்பிள்ளைக்கு நலமும் அருள்வானாக. ஆமீன்.